நுழைவுத் தேர்வே மாநிலத் தேர்வானால்: ஒரு மிச்சிகன் தாய்க்குப் பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் மிச்சிகனில் டெட்ராய்ட் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சென்னையிலிருந்து வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மகன் பதினொன்றாம் வகுப்பு. ஏப்ரலில் பள்ளியிலேயே எஸ்.ஏ.டி. நடக்கும், அதுதான் மாநிலத் தேர்வு, எல்லோரும் எழுத வேண்டும் என்று பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. கல்லூரிக்குப் போக விரும்புகிறவர்கள் பணம் கட்டி எழுதும் தேர்வு என்றல்லவா நினைத்திருந்தேன்! ஊரில் பிளஸ் டூ வேறு, நுழைவுத் தேர்வு வேறு. இங்கே இரண்டும் ஒன்றா? மதிப்பெண் குறைந்தால் பள்ளி முடித்ததற்கான டிப்ளமோ நின்றுவிடுமா? அந்த மதிப்பெண் கல்லூரிகளுக்குத் தானாகவே போய்விடுமா? சென்ற ஆண்டு, எஸ்.ஏ.டி.க்கு முன்னோட்டமான பி.எஸ்.ஏ.டி.யில் அவனுக்கு ஆங்கிலத்தில் 450, கணக்கில் 610. இல்லினாயில் இருக்கும் என் தோழி, தன் மூத்த மகள் அங்கே எஸ்.ஏ.டி. எழுதிய காலத்தில் 540க்குக் கீழே போனால் தேறவில்லை என்றுதான் வரும் என்று சொல்லி என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டாள். அவளுடைய மகன் இப்போது எழுதுவதோ ஏ.சி.டி. என்ற வேறொரு நுழைவுத் தேர்வாம். இன்னொன்று: என் நாத்தனார் மகள் திருச்சியில் தமிழ் வழியில் படித்தவள். போன ஆகஸ்டில்தான் இங்கே வந்தாள். அவளும் பதினொன்றாம் வகுப்புதான். அவளும் இதை எழுதியே ஆக வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். டிப்ளமோ நிற்காது. எஸ்.ஏ.டி.யில் இத்தனை எடுத்தால்தான் பள்ளிப் படிப்பு முடிந்ததாகக் கொள்வோம் என்ற நிபந்தனை மிச்சிகனில் கிடையாது. ஆங்கிலத்தில் 4 கிரெடிட், கணக்கில் 4, அறிவியலில் 3, சமூக அறிவியலில் 3 என்று மாநிலம் வகுத்த பாடங்களைத் தேறி முடித்தால் போதும். மதிப்பெண்ணும் கல்லூரிகளுக்குத் தானாகப் போகாது. எஸ்.ஏ.டி.யை நடத்தும் அமைப்பான காலேஜ் போர்டில் உங்கள் மகனுக்கு இருக்கும் இணையக் கணக்கில் அது வந்து சேரும். எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது, அனுப்பாமல் விடுவது என்பதை அவன்தான் முடிவு செய்வான். ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். மாநிலத் தேர்வு மதிப்பெண்ணை டிரான்ஸ்கிரிப்டிலேயே, அதாவது கல்லூரிக்குப் போகும் பள்ளி மதிப்பெண் பட்டியலிலேயே, அச்சிட்டுவிடும் பழக்கம் சில பள்ளிகளில் உண்டு. உங்கள் பள்ளி எப்படி என்று அங்கே மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடம் ஒரு வரி கேட்டுவிடுங்கள். அச்சிடுவார்கள் என்றால், நீக்கச் சொல்லி எழுதிக் கொடுக்க வழி இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இனிப் பெரிய கேள்விக்கு வருகிறேன். நீங்கள் ஊரோடு ஒப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் இது ஊரில் நடந்ததற்கு நேர் தலைகீழ். தமிழ்நாட்டில் பொறியியலுக்கென்று தனியாக இருந்த பொது நுழைவுத் தேர்வை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் எடுத்துவிட்டு, பிளஸ் டூ மதிப்பெண்ணையே சேர்க்கைக்கு வைத்தார்கள். அங்கே பள்ளித் தேர்வு நுழைவுத் தேர்வின் வேலையையும் பார்க்கிறது. இங்கே நுழைவுத் தேர்வைக் கூப்பிட்டு, பள்ளித் தேர்வின் வேலையையும் நீயே பார் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிச் சொல்ல வைத்தது மத்திய அரசின் சட்டம். புஷ் காலத்தில், 2002 ஜனவரியில் கையெழுத்தான கல்விச் சட்டமும், அதற்குப் பதிலாக 2015 டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டமும் மாநிலங்களுக்கு ஒரே கட்டளையைத்தான் போட்டன: மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும், பிறகு உயர்நிலைப் பள்ளியில் குறைந்தது ஒரு முறை, ஆங்கிலத்திலும் கணக்கிலும் எல்லா மாணவர்களையும் சோதித்து முடிவை வெளியிட வேண்டும். மாணவர்களில் 95 சதவீதம் பேராவது எழுதியிருக்க வேண்டும். எந்தத் தேர்வு என்பதை மாநிலம் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் அது மாநிலத்தின் பாடத்தரங்களோடு ஒத்துப்போகிறது என்பதற்கு மத்தியக் கல்வித் துறையிடம் சான்று காட்ட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை நினைவில் வைத்திருங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

உயர்நிலைப் பள்ளித் தேர்வு என்றால் மாநிலங்களுக்குத் தலைவலிதான். எட்டாம் வகுப்புப் பிள்ளை, டீச்சர் சொன்னால் உட்கார்ந்து எழுதிவிடும். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையோ, இதனால் எனக்கு என்ன லாபம் என்று கேட்கும். 2010க்குப் பிறகு பல மாநிலங்கள் கூட்டாகத் தயாரித்த புதிய தேர்வுகள் வந்தபோது இந்தக் கேள்வி பெரிதாகவே வெடித்தது. மணிக்கணக்கில் நீளும் அந்தத் தேர்வை எந்தக் கல்லூரியும் சேர்க்கைக்குக் கேட்காது. பிள்ளைகள் ஏனோதானோவென்று எழுதினார்கள், சில ஊர்களில் பெற்றோர்களே வீட்டில் நிறுத்திவைத்தார்கள். அதே பிள்ளைகள் எஸ்.ஏ.டி.க்கும் ஏ.சி.டி.க்கும் சனிக்கிழமை காலையில் எழுந்து, பணமும் கட்டிப் போய் எழுதினார்கள். சரி, அதையே மாநிலத் தேர்வாக்கிவிட்டால் பிள்ளைகளும் அக்கறையாக எழுதுவார்கள், ஒரு தேர்வும் குறையும், கட்டணமும் பெற்றோர் தலையில் விழாது என்று மாநிலங்கள் கணக்குப் போட்டன. கனெக்டிகட் 2016இல் பதினொன்றாம் வகுப்புக்குக் கூட்டுத் தேர்வை விட்டுவிட்டு எஸ்.ஏ.டி.க்கு மாறியது இப்படித்தான்.

ஆனால் வழி போட்டவர்கள் அதற்கு முன்பே இருந்தார்கள். கொலராடோவும் இல்லினாயும் 2001லேயே பதினொன்றாம் வகுப்பு முழுவதையும் ஏ.சி.டி. எழுத வைத்தன. மேய்ன் 2006இல் எஸ்.ஏ.டி.யைப் பிடித்தது. உங்கள் மிச்சிகன் 2007இல் ஏ.சி.டி.யைத் தன் மாநிலத் தேர்வுக்குள் சேர்த்தது, 2016இல் எஸ்.ஏ.டி.க்குத் தாவியது. இல்லினாய் 2017இல் எஸ்.ஏ.டி.க்குப் போய், 2025இல் மறுபடி ஏ.சி.டி.க்கே திரும்பிவிட்டது. உங்கள் தோழியின் மகளுக்கு ஒரு தேர்வு, மகனுக்கு வேறு தேர்வு என்று ஆனது இதனால்தான். மாநிலம் டெண்டர் விடுகிறது, எஸ்.ஏ.டி.யையும் ஏ.சி.டி.யையும் நடத்தும் இரண்டு அமைப்புகளும் விலை சொல்கின்றன, ஒன்று ஜெயிக்கிறது. வகுப்பறையில் எதுவும் மாறியிருக்காது. ஒப்பந்தம் மாறியிருக்கும், அவ்வளவுதான். இதைப் பெற்றோர்கள் தெரிந்துகொள்வது நல்லது. மாநிலமே தேர்வை மாற்றிவிட்டதே, ஏதோ பெரிய கல்விச் சிந்தனை இருக்கும் போலிருக்கிறது என்று மலைக்க வேண்டியதில்லை.

அடுத்து அந்த 540. உங்களைப் பயமுறுத்திய இந்த எண்ணைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

காலேஜ் போர்டு தானாக வைத்திருக்கும் கோடு ஆங்கிலத்துக்கு 480, கணக்குக்கு 530. இதன் பொருள், அந்த மதிப்பெண் எடுத்த மாணவர் கல்லூரியின் முதல் செமஸ்டரில் அதையொட்டிய பாடத்தில் குறைந்தது சி கிரேடு வாங்க 75 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்பதுதான். மிச்சிகன் இதே எண்களை எடுத்துக்கொண்டு, இதைத் தொட்டவர் தேர்ச்சி பெற்றவர் என்று அறிவிக்கிறது. இல்லினாயோ எஸ்.ஏ.டி. நடத்திய காலத்தில் இரண்டு பாடத்துக்கும் 540 என்று தானே ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டது. ஆக, ஆங்கிலத்தில் 500 எடுத்த ஒரு பிள்ளை டெட்ராய்டில் தேறியவன், சிகாகோவில் தேறாதவன். கேள்விகள் ஒன்று, திருத்தியது ஒரே நிறுவனம். நடுவில் மிச்சிகன் ஏரி மட்டும்தான் இருக்கிறது! 2025இல் இல்லினாய் தன் தேர்ச்சிக் கோடுகளை இறக்கிக்கொண்டது. அதனால் அங்கே தேர்ச்சி விகிதம் உயர்ந்தால், பிள்ளைகள் திடீரென்று புத்திசாலிகளாகிவிட்டார்கள் என்று யாரும் கொண்டாட வேண்டாம்.

உங்கள் மகனுடைய 450க்கும் இதே பார்வை வேண்டும். பத்தாம் வகுப்பு பி.எஸ்.ஏ.டி.க்குக் காலேஜ் போர்டின் கோடு ஆங்கிலத்தில் 430, கணக்கில் 480. இரண்டையும் அவன் தாண்டியிருக்கிறான். பி.எஸ்.ஏ.டி.யும் எஸ்.ஏ.டி.யும் ஒரே அளவுகோலில் அமைந்தவை, வகுப்புக்கு ஏற்பக் கோடு மேலே நகரும். பத்தாம் வகுப்பில் எடுத்த 450ஐ இல்லினாயில் பதினொன்றாம் வகுப்புக்கு வைத்திருந்த 540க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்டுப் படுத்திருக்கிறீர்கள்.

இந்தத் தேர்வு எதைக் கேட்கிறது, எதைக் கேட்பதில்லை என்று இப்போது பார்க்கலாம். என் தொழிலில் நான் அதிகம் சண்டை போட்டது இந்த இடத்தில்தான். பள்ளி மாவட்டங்களின் தேர்வுப் பிரிவில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது தீராத வழக்கு.

2024 வசந்தத்திலிருந்து இங்கே எஸ்.ஏ.டி. முழுவதும் கணினியில்தான் நடக்கிறது. திரையின் இடப்பக்கத்தில் ஒரு சிறு பத்தி இருக்கும். 25 சொல்லிலிருந்து 150 சொல் வரை, அதற்கு மேல் போகாது. வலப்பக்கம் ஒரே ஒரு கேள்வி, நான்கு விடைகள். மேலே கடிகாரம் ஓடும். அது உறுத்தினால் மறைத்தும் வைத்துக்கொள்ளலாம். ஒன்றைச் சொடுக்கிவிட்டு நகர்ந்தால் பத்தியும் மாறிவிடும்: முந்தியது தேனீக்களைப் பற்றி, இது ஒரு பழைய கவிதை, அடுத்தது பொருளாதாரம். இப்படி 64 நிமிடங்களில் 54 கேள்விகள். கணக்கில் 70 நிமிடங்களில் 44 கேள்விகள். திரையிலேயே கால்குலேட்டர் உண்டு. இரண்டு பாடமும் இரண்டிரண்டு கூறாக வரும். முதல் கூறில் எப்படி எழுதினான் என்பதைப் பார்த்து, இரண்டாவது கூறு கடினமானதா எளியதா என்பதை மென்பொருள் முடிவு செய்யும்.

இப்போது வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். மிச்சிகனின் ஆங்கிலப் பாடத்தரங்கள் நீண்ட நூலைப் படித்து உள்வாங்கச் சொல்கின்றன, பல மூலங்களைத் தேடி ஆய்வுக் கட்டுரை எழுதச் சொல்கின்றன, கேட்கவும் பேசவும் சொல்கின்றன. ஆனால் இந்த 54 கேள்விகளில் ஒரு வாக்கியம்கூடச் சொந்தமாக எழுத வேண்டாம். கணக்கிலும் இதே கதைதான். ஜியோமெட்ரியை ஓராண்டுப் பாடமாகப் படித்தே ஆக வேண்டும் என்பது மாநில விதி. தேர்விலோ ஜியோமெட்ரிக்கும் டிரிகோணமெட்ரிக்கும் சேர்த்து ஐந்திலிருந்து ஏழு கேள்விகள்தான் வரும். அல்ஜீப்ராவும் அதன் மேற்பகுதியும் சேர்ந்து எழுபது சதவீதத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

இதில் காலேஜ் போர்டைக் குறை சொல்ல முடியாது. கல்லூரிக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளை வரிசைப்படுத்திக் காட்டுவதற்காகப் பிறந்த தேர்வு அது. முதலாண்டில் யார் தாக்குப்பிடிப்பார் என்று ஊகிக்க நூறு சொல் பத்தி போதும் என்றால் அதற்கு அது போதும். பத்தாம் வகுப்பில் ஆசிரியர் ஜியோமெட்ரியை ஒழுங்காக நடத்தினாரா என்பதை அதனிடம் கேட்பதுதான் தவறு. நோயாளியின் காய்ச்சலைப் பார்க்க வைத்திருக்கும் தெர்மாமீட்டரைக் கொண்டு டாக்டருக்கும் மதிப்பெண் போடுகிற கதை இது. மாநிலப் பாடத்தரங்களோடு ஒத்துப்போகிறதா என்ற சட்ட நிபந்தனை இங்கேதான் முள்ளாகக் குத்துகிறது. புளோரிடா இந்தத் திட்டத்தை யோசித்தபோது முதலில் ஓர் ஆய்வுக்கு விட்டது. எஸ்.ஏ.டி.யோ ஏ.சி.டி.யோ மாநிலத்தின் உயர்நிலைத் தேர்வுகளுக்கு அப்படியே மாற்றாகாது என்று 2018இல் அறிக்கை வந்தது. மற்ற பல மாநிலங்கள் முதலில் மாறிவிட்டு, சான்றைப் பிறகு தேடின.

விளைவு பள்ளியில் தெரியும். ஜனவரி பிறந்தால் சில பதினொன்றாம் வகுப்பு ஆங்கில வகுப்புகளில் நாவல் அலமாரிக்குப் போய்விடுகிறது, திரையில் நூறு சொல் பத்திகள் வரிசை கட்டுகின்றன. ஆசிரியரைக் கேட்டால், என் பள்ளிக்கு மாநிலம் போடும் மதிப்பீடு இதில்தானே இருக்கிறது, வேறு என்ன செய்ய என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

நம் ஆட்களிடம் சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. வீடு வாங்கும்போது பள்ளியின் தேர்ச்சி விகிதத்தைப் பார்த்துத் தெருவைத் தேர்ந்தெடுக்கிறோம். எஸ்.ஏ.டி. மதிப்பெண் குடும்ப வருமானத்தோடு சேர்ந்தே ஏறும் என்பது இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தனிப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டக்கூடிய குடும்பங்கள் நிறைந்த ஊரில் பள்ளியின் எண் உயர்ந்துதான் இருக்கும். அந்த எண்ணில் ஆசிரியரின் பங்கு எவ்வளவு, பெற்றோரின் பர்ஸின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றாம் வகுப்புத் தேர்வுக்கு இத்தனை பயிற்சிக் கடைகள் இல்லை. எஸ்.ஏ.டி.க்கு ஒரு தொழிலே இருக்கிறது. ஒரு பள்ளியைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அங்கே பிள்ளைகள் எழுதிய ஒரு கட்டுரையைக் காட்டச் சொல்லிக் கேட்பேன்.

மாநிலங்களுக்கிடையே ஒப்பிடுவது இதைவிட மோசம். விஸ்கான்சினில் விரும்பியவர்கள் மட்டும் ஏ.சி.டி. எழுதிய காலத்தில், 2015இல் படிப்பை முடித்த வகுப்பின் சராசரி 22.2. எல்லோரும் எழுதிய அடுத்த ஆண்டு அது 20.5க்கு இறங்கியது. பள்ளிகள் ஒரே ஆண்டில் கெட்டுப்போகவில்லை. அதுவரை எழுதாமல் இருந்தவர்களும் வந்து உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

இவ்வளவு சொல்லிவிட்டு, இந்த ஏற்பாட்டை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்ல மாட்டேன். காரணம் உங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது.

மிச்சிகனில் 2007இல் எல்லோருக்கும் ஏ.சி.டி. வந்ததற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று ஜோஷுவா ஹைமன் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார். தானாக வந்து எழுதி, கல்லூரிக்குத் தகுதியான மதிப்பெண் எடுத்த ஏழை மாணவர்கள் பத்துப் பேர் என்றால், எழுதியிருந்தால் அதே அளவு எடுத்திருக்கக்கூடிய இன்னும் ஐந்து ஏழை மாணவர்கள் எந்த நுழைவுத் தேர்வும் எழுதாமலேயே இருந்திருக்கிறார்கள். பத்துக்கு ஐந்து! இவர்களுக்குத் திறமையில் குறையில்லை. பணம், சனிக்கிழமை வேலை, தேர்வு மையத்துக்குப் போக வண்டி, இதெல்லாம் நமக்கல்ல என்ற நினைப்பு என்று ஏதோ ஒன்று தடுத்திருக்கும். பள்ளியிலேயே, வேலை நாளில், இலவசமாகத் தேர்வு வந்தபோது அவர்களும் கண்ணுக்குத் தெரிந்தார்கள். நான்காண்டுக் கல்லூரிகளில் சேர்ந்தவர்கள் விகிதம் ஒரு சதவீதப் புள்ளிக்கும் குறைவாகத்தான் கூடியது என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய புரட்சி இல்லை. ஆனால் செலவும் அவ்வளவாக இல்லை, பலன் அதிகம் போனது ஏழை வீடுகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும். மேய்னில் எஸ்.ஏ.டி.யைப் பற்றி நடந்த ஆய்விலும் சேர்க்கை கூடியதைப் பார்த்தார்கள்.

எனவே என் கட்சி இது: எல்லாப் பிள்ளைக்கும் இந்தத் தேர்வை இலவசமாகக் கொடுங்கள், மகிழ்ச்சி. அந்த ஒரு மதிப்பெண்ணை வைத்துப் பள்ளிக்குப் பட்டம் கட்டாதீர்கள், பிள்ளை பதினோரு ஆண்டு என்ன கற்றான் என்று தீர்ப்பும் சொல்லாதீர்கள். வீட்டிலும் அப்படியே. கல்லூரிக்கான சீட்டாக இதை மதித்து எழுதட்டும். மாநிலம் போடும் தேர்ச்சி முத்திரையைப் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்து வைத்துவிடுங்கள்.

மகனைப் பற்றிச் சில வார்த்தைகள். கணக்கில் 610, ஆங்கிலத்தில் 450 என்ற 160 புள்ளி இடைவெளியை நம் ஊர்ப் பிள்ளைகளிடம் அடிக்கடி பார்க்கிறேன். படிக்கத் தெரியாததால் வருவதில்லை. பெரும்பாலும் மதிப்பெண் போவது இலக்கண விதிகளில்தான், ஏனென்றால் அவற்றை அமெரிக்கப் பள்ளியின் கீழ் வகுப்புகளில் நடத்திவிடுகிறார்கள், நடுவில் வந்து சேர்ந்த பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை. இரண்டு முழு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டலாமா, அரைப்புள்ளி வேண்டுமா, முக்காற்புள்ளிக்கு முன்னால் முழு வாக்கியம் இருக்க வேண்டுமா என்பது போன்ற கேள்விகள் ஆங்கிலப் பகுதியில் ஏறத்தாழ கால்வாசி வரும். இந்த விதிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை, சில வாரங்களில் படிந்துவிடும். வாசிப்பு வேகமும் சொல்வளமும் அப்படி வராது, அவற்றுக்கு ஆண்டுகள் ஆகும். ஏப்ரல் வரை இருக்கும் காலத்தை இலக்கணத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஆயிரக்கணக்கான டாலர் கட்டிப் பயிற்சி வகுப்பில் சேர்க்க வேண்டாம். தேர்வு நடக்கும் அதே புளூபுக் செயலியில் முழு மாதிரித் தேர்வுகள் இலவசமாக இருக்கின்றன, கான் அகாடமி இணையதளத்தில் பயிற்சியும் இலவசம். மாதிரித் தேர்வை ஒரே அமர்வில், கைப்பேசியைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு எழுத வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, அதனால் ஒரு கேள்வியையும் காலியாக விடக் கூடாது. முதல் கூறில் அவசரப்பட்டுச் சறுக்கினால் எளிய இரண்டாவது கூறு வரும், அங்கே எல்லாம் சரியாக எழுதினாலும் உச்ச மதிப்பெண் எட்டாது. முதல் கூறில்தான் நிதானம் வேண்டும் என்று அவனிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

ஏப்ரல் மதிப்பெண் பிடிக்காவிட்டால் கோடை முடிவில் ஒரு சனிக்கிழமை பணம் கட்டி மறுபடி எழுதலாம், கட்டணம் எழுபது டாலரை ஒட்டி வரும். அதற்கு முன் அவன் எங்கே விண்ணப்பிக்கப் போகிறான் என்று பாருங்கள். எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் மதிப்பெண் கேட்கின்றன. ஆன் ஆர்பரில் இருக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு விருப்பம் இருந்தால் அனுப்பலாம். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கிளைகள் கொடுத்தாலும் சேர்க்கைக்குப் பார்ப்பதில்லை. இந்த விதிகள் ஆண்டுக்காண்டு மாறுகின்றன, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பாமல் கல்லூரியின் இணையதளத்தையே பாருங்கள்.

தேர்வையொட்டிக் கேட்கப்படும் தனிப்பட்ட விவரங்களில் பல கட்டாயமில்லாதவை. பள்ளியில் நடத்திய தேர்வுகளின் வழியாகத் திரட்டிய மாணவர் விவரங்களைப் பயன்படுத்தியது தொடர்பாக நியூயார்க் மாநிலத்தோடு காலேஜ் போர்டு 2024இல் 7,50,000 டாலருக்குச் சமரசம் செய்துகொள்ள வேண்டி வந்தது. கட்டாயமில்லாத இடங்களைத் தயங்காமல் காலியாக விடலாம் என்று மகனிடம் சொல்லிவையுங்கள்.

கடைசியாக நாத்தனார் மகள். உண்மையில் உங்கள் கடிதத்தில் அவசரம் இவளுக்குத்தான்.

ஆகஸ்டில் வந்தவளுக்கு ஏப்ரலில் பன்னிரண்டு மாதம் நிறைந்திருக்காது. இப்படிப் புதிதாக வந்த, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு ஆங்கிலப் பாடத் தேர்வில் ஒரு முறை விலக்கு அளிக்க மத்தியச் சட்டம் மாநிலங்களுக்கு இடம் தருகிறது. கணக்குக்கு அந்த விலக்கு இல்லை. ஆனால் எஸ்.ஏ.டி. ஒரே தேர்வாக வருவதால் இதைப் பள்ளி எப்படிச் செயல்படுத்தும் என்பதை அங்கேதான் கேட்க வேண்டும். முதலில் அவள் ஆங்கிலம் கற்பவர் பட்டியலில் இருக்கிறாளா என்று உறுதி செய்யுங்கள். மாநிலத்தின் ஆங்கிலத் திறன் தேர்வை அவளுக்கு நடத்தியிருக்கிறார்களா என்று கேட்டால் தெரிந்துவிடும்.

எழுதத்தான் வேண்டும் என்றால் சலுகைகள் உண்டு. ஒரு காலத்தில் இதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய அநியாயமாக இருந்தது. மாநிலம் அனுமதித்த சலுகையோடு எழுதினால், அந்த மதிப்பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்ப முடியாமல் போகலாம். கட்டாயப்படுத்தி எழுத வைத்துவிட்டு, பலனை மட்டும் மற்றவர்களுக்குக் கொடுத்தது போல. 2017க்குப் பிறகு நிலைமை மாறியது. பள்ளியில் நடக்கும் எஸ்.ஏ.டி.யில் ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்கு ஒன்றரை மடங்கு நேரமும், மொழிபெயர்த்த அறிவுரைகளும், சொல்லுக்குச் சொல் பொருள் தரும் இருமொழி அகராதியும் அனுமதிக்கப்படுகின்றன, அதே மதிப்பெண்ணைக் கல்லூரிக்கும் அனுப்பலாம். தமிழில் எந்த அகராதியை ஏற்பார்கள், அது பள்ளியிடம் இருக்கிறதா என்பதை முன்கூட்டியே கேட்டாக வேண்டும்.

திருச்சியில் தமிழ் வழியில் படித்தவளுக்குக் கணக்கு கைவசம் இருக்கும், கேள்வியின் ஆங்கிலம்தான் வழிமறிக்கும். பின்னம், சாய்வு, மாறி, சராசரி போன்றவற்றுக்கு ஆங்கிலச் சொற்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, உங்கள் மகனோடு உட்கார்ந்து சொற்கணக்குகளை உரக்கப் படிக்கட்டும். அவனுக்கும் இது நல்லது, அவளிடம் கணக்கு கற்றுக்கொள்ளலாம்.

இந்தச் சலுகைகளைக் கேட்டு விண்ணப்பிப்பது பள்ளியின் வேலை, தேர்வு நாளன்று கேட்டால் கிடைக்காது. இந்த வாரமே ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியருக்கும் பள்ளியின் தேர்வு ஒருங்கிணைப்பாளருக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள்: இவள் ஏப்ரலில் எதை எழுத வேண்டும், எதிலிருந்து விலக்கு, கூடுதல் நேரம் பதிவாகிவிட்டதா, அகராதி யார் தருவார்கள் என்று. தொலைபேசியில் பதில் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, அதையே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள் என்று கேளுங்கள்.